நான்கு வரிச் செய்தி: மண்டபம் நாட்குறிப்பு

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். எனக்கு மட்டும் உப்பில்லாத மாங்காய்ப் பச்சடி. வயிற்றில் பிள்ளை, ரத்த அழுத்தம் 138/88. இடது பக்கமாகப் படுத்தவாறே ஒரு கையால் புத்தகத்தைப் பிடித்துப் படிக்கப் பழகிவிட்டேன்.

ஸ்வீடன் எழுத்தாளர் லிசா மார்க்லண்டின் நாவல்களில் வரும் அன்னிகா பெங்ட்சோன் ஒரு மாலை நாளிதழில் குற்றச் செய்திப் பிரிவுக்குத் தலைவி. 1998இல் முதலில் வெளிவந்த கதையில், ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் போட்டிக்கென எழுப்பிய அரங்கில் குண்டு வெடிக்க, தொலைபேசி அழைப்பில் எழுந்து ஓடுகிறாள். வீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். குண்டு வைத்தவர் யார் என்று தெரிந்துகொள்ளும் அவசரம் எனக்கு இல்லை. அவள் நேரத்துக்கு வீடு திரும்பாத ஒவ்வொரு மாலையிலும் அந்தக் குழந்தைகளுக்குச் சோறு போட்டது யார் என்பதிலேயே மனம் நிற்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபம் கரையில் விசைப்படகுகளின் சத்தம் இல்லை. கரை ஒதுங்கிய அந்தப் பெண்ணின் விரலில் இருந்த துணிச்சுற்றை, நிருபராக நான் அனுப்பிய செய்தியின் முதல் வரியிலேயே ஏன் எழுதவில்லை?

ஏப்ரல் 17, வியாழன்

இரவு முழுவதும் எட்னா புக்கானன். மயாமி ஹெரால்டு நாளிதழுக்காகப் பல ஆண்டுகள் காவல் நிலையங்களிலும் பிணவறைகளிலும் அலைந்து, 1986இல் புலிட்சர் பரிசு பெற்று, பிறகு பிரிட் மொன்டேரோ என்ற நிருபரை நாயகியாக்கி நாவல்கள் எழுதியவர். 1992இல் வந்த முதல் பிரிட் நாவலில் ஒரு கறுப்பின விளையாட்டு வீரரின் மரணத்தைப் பற்றிப் போலீசார் சொல்லும் கதையை அவள் நம்ப மறுக்கிறாள். நாவலுக்கு வெளியேயும் அவர் அதைத்தான் செய்திருக்கிறார். 1979 டிசம்பரில் ஆர்தர் மெக்டஃபி என்பவர் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார் என்று போலீசார் எழுதி வைத்திருந்தார்கள். அது விபத்தல்ல, அடித்ததால் வந்த சாவு என்ற உண்மை வெளிவந்ததில் அவருடைய விசாரிப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

பள்ளியில் படித்தபோது பேருந்து நிலையக் கடையில் வாங்கிய பாக்கெட் நாவல்களில் துப்பறியும் பரத்துக்குப் பக்கத்தில் சுசீலா வருவாள், நரேனுக்குப் பக்கத்தில் வைஜெயந்தி வருவாள். அவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் ஒரு நோட்டையும் பேனாவையும் மட்டும் நம்பி, பிணம் கிடக்கும் இடத்துக்குத் தனியே போகும் ஒருத்தியைத்தான் அப்போதும் தேடினேன். தனியார் துப்பறிவாளரிடம் யாராவது பணத்தோடு வந்து முறையிட வேண்டும். போலீசாருக்கு மேலிடத்து உத்தரவு வேண்டும். நிருபரை மட்டும் யாரும் அழைக்க வேண்டியதில்லை. செத்தவருக்காக அழுவதற்கு ஓர் ஆள் இல்லாத இடத்திலும் அவள் போய் நின்று, இது யார், எப்படிச் செத்தார் என்று கேட்கலாம். இந்த நாவல்களை நான் திரும்பத் திரும்பப் படிப்பது அந்த ஒரு உரிமைக்காக.

ஏப்ரல் 18, வெள்ளி

142/90. அம்மா புத்தகங்களைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

ஏப்ரல் 19, சனி

சாவியைத் தந்துவிட்டாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஏப்ரல் 1ஆம் தேதி காலை கரையில் பார்த்ததை ஒருமுறையாவது முழுவதுமாக எழுதிவிடுகிறேன். முகம் அடையாளம் தெரியவில்லை. புடவைக்கு மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். வலது கையின் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நீலக் கட்டம் போட்ட கைலித் துணியைக் கிழித்து இறுகச் சுற்றியிருந்தது. கடல் அத்தனை அலைக்கழித்தும் அந்தச் சுற்று அவிழவில்லை. முடிச்சின் நுனி நார்நாராகப் பிரிந்திருந்தது. ‘அடையாளம் தெரியாத பெண், வயது சுமார் 45’ என்று எஸ்.ஐ. சொல்ல, ஏட்டு எழுதிக்கொண்டார். குற்ற விசாரணை முறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 194ஆம் பிரிவில் சந்தேக மரணம் என்று வழக்கு.

நான் பதினொரு வரி அனுப்பினேன். நான்கு வரி வந்தது. துணிச்சுற்று எட்டாவது வரியில் இருந்தது. இடமில்லை என்றால் செய்தியைக் கீழிருந்துதான் வெட்டுவார்கள் என்பது இந்தத் தொழிலில் முதல் மாதமே தெரிந்துகொண்டது. தெரிந்திருந்தும் புடவையின் நிறத்தை மேலே வைத்து, அவள் யார் என்று சொல்லக்கூடிய ஒரே அடையாளத்தைக் கீழே வைத்தேன். மறுநாள் மருத்துவர் என்னைப் படுக்கச் சொல்லிவிட்டார். அதன்பிறகு அவளைப் பற்றி ஒருவரும் ஒரு வரியும் எழுதவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

பக்கத்து வீட்டு அக்கா நண்டு ரசம் கொண்டுவந்தாள். தடைக்காலம் முடியும்வரை அவளும் கடல்பாசி எடுக்கப் போகப் போவதில்லை. விரலில் எப்படித் துணி சுற்றுவீர்கள் என்று கேட்டேன். என் பழைய துண்டின் ஓரத்தைக் கிழித்து முதலில் இடது கையில் சுற்றினாள். பிறகு வலது கையில் சுற்றியபோது, சுற்றிய இடது விரல்கள் மடங்காததால், துணியின் நுனியைப் பல்லில் கடித்து இழுத்து முடிச்சை இறுக்கினாள். “சுத்தாமப் போனா பாறை விரலை அறுத்துப்புடும் தங்கச்சி” என்றாள். ஈரமான அந்த நுனி நூல் நூலாகப் பிரிந்திருந்தது. எனக்குக் கை கால் எல்லாம் சில்லிட்டுப்போயிற்று.

அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில்தான் இவர்கள் பாசி எடுக்கக் கடலில் இறங்குவது. மார்ச் 29 அமாவாசை. அவள் கரை ஒதுங்கியது ஏப்ரல் 1.

பங்குனி அமாவாசைக்குப் பிறகு உங்களில் யாராவது திரும்பி வராமல் போனார்களா என்று கேட்டேன். அக்கா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஏப்ரல் 24, வியாழன்

ஸ்காட்லாந்து எழுத்தாளர் டெனிஸ் மினாவின் நாவலில் வரும் பேடி மீஹன் 1981ஆம் ஆண்டின் கிளாஸ்கோவில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் எடுபிடி வேலை செய்யும் பெண். நிருபராக வேண்டும் என்பதே அவள் கனவு. ஒரு சின்னக் குழந்தையைக் கொன்றதாகப் பிடிபட்ட சிறுவர்களில் ஒருவன் அவளை மணக்கவிருப்பவனின் உறவினன். அந்த இரகசியத்தைச் சக ஊழியை ஒருத்தியிடம் சொல்ல, அது பத்திரிகையில் வந்துவிடுகிறது. வீட்டில் ஒருவரும் அவளோடு பேசுவதில்லை. ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

அந்த அத்தியாயங்களை இன்று இரண்டாம் முறை படித்தேன், அக்காவின் வீட்டுக் கதவு மூடியிருப்பதைப் பார்த்துக்கொண்டே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, அங்கே பாசி எடுக்க விடமாட்டார்கள். அவளை இன்னார் என்று சொல்லப் போகிறவளிடம், எந்தத் தீவுப் பக்கம் பாசி எடுத்தீர்கள், படகு யாருடையது, கூட யார் யார் இருந்தார்கள் என்று அடுத்தடுத்துக் கேட்பார்கள். ஒருத்தியின் பெயரைச் சொல்ல வந்தால் பத்துப் பேர் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். என் பதினொரு வரி முழுவதும் வந்திருந்தாலும் இவர்கள் வாய் திறந்திருப்பார்களா? துணிச்சுற்றை எழுதியிருந்தால் பழி நேராக இந்தத் தெருவுக்கு அல்லவா வந்து நின்றிருக்கும்? எழுதியிருக்க வேண்டும் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

146/94. கால் வீக்கம் கூடியிருக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

அமாவாசை. இரவு பத்து மணிக்கு அக்கா வந்து கட்டிலின் காலடியில் உட்கார்ந்தாள். செத்தவள் மேற்கே எங்கிருந்தோ வந்து, கரையோரக் குடிசை ஒன்றில் தனியாகத் தங்கிப் பாசி எடுத்தவள். புருஷன் இல்லை, தேடி வர யாரும் இல்லை. அன்று எல்லோரும் கரையேறிய பிறகுதான் ஓர் ஆள் குறைவது தெரிந்ததாம். இருட்டும்வரை தேடினார்களாம். “ரெண்டு பொம்பளப் பிள்ளையக் கட்டிக் குடுத்தேன்னு சொல்லுவா. எந்த ஊருன்னு நாங்க கேட்டதில்ல” என்று சொல்லிவிட்டு, வெகுநேரம் என் கால்களைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

பெயரையும் சொன்னாள். அதை இங்கே எழுதப் போவதில்லை. அந்த இரண்டு பெண்களுக்குத் தெரியும் முன்பு எழுதுவது முறையல்ல.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஏட்டையாவிடம் பேசினேன். அடக்கம் செய்து இரண்டு வாரம் ஆகிறதாம். புகைப்படமும் துணிகளும் நிலையத்தில் இருக்கின்றன. அக்கா வந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறாள் என்றும், எந்தத் தீவு என்ற கேள்வி அன்று அவளிடம் வேண்டாம் என்றும் கெஞ்சினேன். சரி என்றார். அவர் சொன்ன சொல்லை நான் நம்பித்தான் ஆக வேண்டும். அன்னிகாவாக இருந்திருந்தால் அவளே கூடப் போயிருப்பாள்.

மே 1, வியாழன்

152/100. படிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

மே 2, வெள்ளி

அக்கா மதியம் இரண்டு மணிக்கு நிலையத்துக்குப் போனாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகையால் கையெழுத்துப் போடச் சொன்னால் தாளை யாராவது உரக்கப் படித்துக் காட்டிய பிறகே போட வேண்டும் என்று மூன்று முறை சொல்லி அனுப்பினேன். மணி ஏழேகால். இன்னும் வரவில்லை, போனும் அணைத்திருக்கிறது. 158/104. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது. வாசலில் வண்டி வந்துவிட்டது, அம்மா பையோடு நிற்கிறாள். அக்கா வந்ததும் முடிச்சைக் காட்டினார்களா என்று கேட்டு எனக்குச் சொல்லும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.