அடிமட்டமும் கிளட்ச் பெடலும்: என் கன்சிலின் மூன்று வருடக் கணக்கு

மீட்டர் 171,200 (வண்டி ஓடிய கிலோமீட்டர்)

பள்ளி விடுமுறை, சனிக்கிழமை. மலேசியாவின் தாப்பாவிலிருந்து மலை மேல் ரிங்லெட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு என் கன்சில் காரில் கிளம்பினேன். அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய்ப் போத்தல்கள் பின் சீட்டில். லாத்தா இஸ்கண்டார் அருவியை நெருங்கும்போதே வண்டிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. ஏற்றத்தில் ஒரு கார் நீளம் நகர்வது, நிற்பது, மறுபடி நகர்வது என்று முக்கால் மணி நேரம் போனது. முதலில் ஒரு வாடை வந்தது. முன்னால் போகும் லோரியின் பிரேக் என்று நினைத்து ஜன்னலை ஏற்றினேன். வாடை உள்ளேதான் அதிகமானது. அப்புறம் ஆக்சிலேட்டரை அழுத்தினால் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. என் கன்சிலில் இஞ்சின் சுற்றைக் காட்டும் ஆர்பிஎம் மீட்டர் கிடையாது, காதுதான் மீட்டர். ஓரம் கட்டி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, வண்டியைத் திருப்பி வீட்டுக்கு இறக்கிவிட்டேன். இறக்கம் என்பதால் தப்பித்தேன். ஊறுகாய் அடுத்த வாரம் பஸ்ஸில் போனது.

கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தபோது கிளட்ச் பிளேட் தேய்ந்து ரிவெட் தலைகள் வெளியே தெரிந்தன. பிளேட் ஒட்டிச் சுற்றும் இஞ்சின் சக்கரமான ஃபிளைவீலில் வட்ட வட்டமாகக் கீறல், நடுநடுவே நீலம் பாய்ந்த திட்டுகள். பெடலை மிதித்தால் கிளட்சை விடுவிக்கும் பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றினால் உள்ளே மணல் போட்ட மாதிரி சத்தம். இத்தனைக்கும் அந்த பிளேட் போட்டு 22,000 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. அதைப் போட்டுக் கொடுத்த இடத்தில் பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு, பழைய பேரிங்கையும், பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பழைய கவரையும் அப்படியே விட்டிருந்தார்கள். நானும் கேட்கவில்லை. குறை அவர்கள் மேல் பாதி என்றால் என் கால் மேல் பாதி. அந்த இரண்டாவது பாதியைத் தேடித்தான் இந்தக் கணக்கை எழுத ஆரம்பித்தேன்.

இந்த முறை பிளேட், கவர், பேரிங் மூன்றும் சேர்ந்த செட். ஃபிளைவீலைக் கடைசல் பிடிக்கக் கொடுத்தோம். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே இஞ்சின் பின்பக்க எண்ணெய் சீலையும் மாற்றச் சொன்னேன். சீல் விலை அற்பம், ஆனால் அது கசிந்து பிளேட்டில் எண்ணெய் பட்டால் புது பிளேட்டும் வழுக்கும். எல்லாம் சேர்த்து 340 வெள்ளி (ரிங்கிட்).

மீட்டர் 171,300

இனி அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன். கருவி: பள்ளிக்கூட மர அடிமட்டம். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, தரையில் முட்டி போட்டு, பெடலுக்குப் பக்கத்தில் அடிமட்டத்தை நட்டு, பெடலை விரலால் மெதுவாக அமுக்குவேன். முதலில் எதிர்ப்பே இல்லாமல் கொழகொழவென்று போகும். அப்புறம் ஒரு இடத்தில் விரலுக்கு ஏதோ தட்டுப்படும். அதுவரை உள்ள தூரம்தான் ‘பிளே’. 20 மில்லிமீட்டரில் வைத்தோம்.

கேபிள் கிளட்சில் இந்த 20 மில்லிதான் எல்லாம். பிளேட் தேயத் தேய, கவருக்குள் இருந்து அதை அழுத்தும் தட்டு ஃபிளைவீல் பக்கம் நெருங்கும். கவரின் நடுவில் இருக்கும் ஸ்பிரிங் விரல்கள் எதிர்ப்பக்கம், பேரிங்கை நோக்கி வரும். அதனால் பிளே குறையும். காலை எடுக்கும்போது பெடல் பிடிக்கிற இடம் மேலே மேலே போகும். பிளே முற்றிலும் தீர்ந்துபோனால், கால் பெடலில் இல்லாவிட்டாலும் பேரிங் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். கிளட்ச் முழுசாகப் பிடிக்காது, வழுக்கும், சூடாகும், இன்னும் வேகமாகத் தேயும். பிளேட்டில் தலைமுடி அளவு தேய்ந்தாலும் பெடலில் அது பல மடங்காகத் தெரியும். கியர்பாக்ஸை இறக்காமலே உள்ளே நடப்பதை அடிமட்டம் காட்டிக்கொடுப்பது இதனால்தான்.

மீட்டர் 172,700

பிளே 23. கூடியிருக்கிறது! தேய்ந்தால் குறைய வேண்டும், இதென்ன வளர்கிறது என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். செட் மாற்றும்போது கேபிளையும் புதிதாகப் போட்டிருந்தோம். புதுக் கேபிள் கொஞ்சம் இழுபட்டு நீளும், அவ்வளவுதான். பானெட்டைத் திறந்து கியர்பாக்ஸ் பக்கம் குனிந்தால் கேபிள் முனையில் ஒரு நட்டு. அதைத் திருகி மறுபடி 20க்கு வைத்தேன். கணக்கு உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

மீட்டர் 180,700

பிளே 12. எட்டாயிரம் கிலோமீட்டரில் 8 மில்லி காலி. இந்தக் கணக்கில் போனால் இதுவும் பழைய பிளேட் போன வழியே போகும்.

பக்கத்து வீட்டு மாமா செம்பனைக் குலை லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு நாள் அவரை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போனேன். பேசாமல் வந்தவர், சிவப்பு விளக்கில் நின்றபோது என் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, அது என்ன உங்க வீட்டு முக்காலியா? காலத் தூக்கிக் கீழ வைங்க.”

நியூட்ரல் போடாமல், முதல் கியரில் பெடலை மிதித்தபடியே நின்றிருக்கிறேன். ஓடும்போதும் கால் பெடல் மேல் சும்மா சாய்ந்திருக்கிறது. எனக்கே தெரியவில்லை. அடுத்து, பஸ் நிலையத்துக்குப் போகும் சின்ன மேட்டில் நின்றோம். நான் வழக்கம்போலப் பாதி கிளட்சில் வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“ஹேண்ட்பிரேக் போட மாட்டீங்களா?”

“போட்டா நிக்காது மாமா.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. ஒன்பது பல் இழுத்தாலும் மேட்டில் வண்டி பின்னால் நழுவும். அதனால்தான் இவ்வளவு காலம் ஹேண்ட்பிரேக் செய்ய வேண்டிய வேலையைக் கிளட்ச் பிளேட் செய்துகொண்டிருந்தது. லாத்தா இஸ்கண்டார் மேட்டில் நடந்ததும் அதுவேதான். நகர்ந்த நேரத்தைவிட, பாதிக் கிளட்சில் நின்ற நேரம் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை பின் பிரேக் டிரம் இரண்டையும் கழற்றினேன். உள்ளே கறுப்புத் தூசி, தோட்டத்துச் செம்மண் வேறு. தூசி முகத்தில் பறக்காமல் ஈரத்துணியால் துடைத்து, பிரேக் ஷூவைச் சரியான நெருக்கத்தில் வைத்து, கடைசியாக ஹேண்ட்பிரேக் கேபிளை முறுக்கினேன். இப்போது ஆறு பல்லில் நிற்கிறது. இந்த வேலைக்குச் செலவு ஒரு மதியமும் ஒரு பழைய பனியனும்.

பிளேயைத் திரும்ப 20க்கு வைத்தேன்.

மீட்டர் 181,000

சப்பாத்து விஷயம். தோட்டத்து ஆபீசில் கிராணி (குமாஸ்தா) வேலை, ஆனால் காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்க வேண்டும், அதனால் கனத்த ரப்பர் பூட்ஸ். அதோடுதான் ஓட்டுவேன். அந்த அடிப்பாகத்தின் வழியாகக் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று காலுக்குத் தெரியவே தெரியாது. சிலிப்பர் போட்டுப் பார்த்தேன், பெடலுக்கு அடியில் மடங்கிக்கொள்ளப் பார்த்தது, ஆபத்து. கடைசியில் பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து ஒரு சோடி வாங்கி வண்டியிலேயே போட்டுவைத்தேன். ஆபீசில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பெடல் பிடிக்கத் தொடங்கும்போது வரும் மெல்லிய அதிர்வு முதல் தடவையாகக் காலுக்கு எட்டியது.

பெரட்டுக் களம் மதியத்துக்கு மேல் காலி. அங்கே ஆக்சிலேட்டரே தொடாமல், கிளட்சை மட்டும் விட்டு வண்டியை நகர்த்தப் பழகினேன். சமதளத்தில் கன்சில் இதற்குத் தாராளமாக இடம் கொடுக்கும். முதல் நாள் பதினைந்து முறையாவது இஞ்சின் நின்றிருக்கும். மண்டோர் (மேற்பார்வையாளர்) ஒருவர் வந்து “பேட்டரி வீக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மீட்டர் 188,700

பிளே 17. முன்பு எட்டாயிரத்துக்கு 8 மில்லி, இப்போது அதே எட்டாயிரத்துக்கு 3. இரண்டு கட்டத்திலும் மாதம் இரண்டு தடவை ரிங்லெட் போயிருக்கிறேன், பாதையும் அதே பாதை. ஒரே ஒரு வண்டி, ஒரே ஒரு ஓட்டுநர், மர அடிமட்டம். இதை வைத்துச் சட்டம் போட முடியாது. எனக்கு இது போதும்.

மலையிலிருந்து இறங்கும்போது செய்யும் ஒன்றையும் மாற்றியிருந்தேன். இரண்டாம் கியரில் இஞ்சின் பிடித்துக்கொண்டு இறங்குவது கிளட்சைத் தின்னாது, பெடலை முழுசாக விட்டுவிட்டால் அது பாட்டுக்கு ஒட்டிக்கொண்டு சுற்றும். தின்பது கியர் மாற்றும் அந்த நொடிதான். மூன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ளிவிட்டு, இஞ்சின் வேகத்தைக் கிளட்சே இழுத்து ஏற்றட்டும் என்று மெதுவாக விடுவேன் முன்பெல்லாம். இப்போது விடுவதற்குமுன் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டுகிறேன். வண்டி குலுங்கினால் தட்டு போதவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் தூங்கும் அம்மா விழிக்காவிட்டால் சரியாக வந்திருக்கிறது.

மீட்டர் 196,000

பெடல் கனத்துவிட்டது. தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் முழங்கால் வலி. ஒரு பட்டறையில் காட்டினேன். மிதித்துப் பார்த்துவிட்டு, “கவர் போச்சு, 350 வெள்ளி” என்றார்கள். கவர் பழசானால் பெடல் கனக்கும் என்பது பொய்யில்லை. ஆனால் என்னுடையது பழசு இல்லையே. வீட்டுக்கு வந்து, கேபிளைக் கியர்பாக்ஸ் முனையில் கழற்றிவிட்டு, உள்கம்பியைக் கையால் இழுத்தேன். கவர் சம்பந்தமே இல்லாத நிலையில் கம்பி வழுக்கிக்கொண்டு வர வேண்டும். இது சொரசொரவென்று வந்து பாதியில் நின்றது. பெடல் மாட்டும் கொக்கி அருகே மூன்று இழை அறுந்து ஈர்க்குச்சி போல விரிந்திருந்தது. சில மாதத்துக்கு முன் கேபிளுக்குள் ஸ்பிரே எண்ணெய் அடித்திருந்தேன். இரண்டு வாரம் சுகமாக இருந்தது, பிறகு செம்மண் தூசியைச் சேர்த்துப் பசையாக்கிவிட்டது. அது என் வேலை.

புதுக் கேபிள் 35 வெள்ளி. பெடல் பஞ்சு மாதிரி ஆனது. முதல் நாள் காலுக்கு அளவு தெரியாமல் இரண்டு முறை இஞ்சினை நிறுத்தினேன்.

மீட்டர் 205,900

அக்கா மகளுக்கு ‘டி’ லைசென்சே வேண்டுமாம். ‘டிஏ’ எடுத்தால் ஆட்டோ கியர் மட்டும்தான், “மாமா கன்சில எப்படி ஓட்டுறது?” என்கிறாள். விடுமுறையில் வந்து ஒரு மாதம் என் வண்டியில் பழகினாள். வண்டியும் கடனும் என்னுடையது என்றாலும் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், பெரும்பாலும்.

ஆச்சரியம் என்னவென்றால் மேட்டில் அவள் என்னைவிடச் சுத்தம். சோதனைத் திடலில் மேடு ஏறி, கோட்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் இழுத்து, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும் அல்லவா, அதை அப்படியே செய்கிறாள். இதையேதான் எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள் மறந்திருப்பேன். ஆனால் சமதளத்தில் வண்டி எடுக்கும்போது இஞ்சின் நின்றுவிடுமோ என்ற பயத்தில் ஆக்சிலேட்டரை உறும விட்டு, கிளட்சை ஒரு மாமாங்கம் பிடித்து வைப்பாள். அந்த மாதம் 600 கிலோமீட்டர், பிளேயில் 2 மில்லி குறைவு. அவளிடம் சொல்லவில்லை. நட்டைத் திருகி வைத்துவிட்டேன்.

மீட்டர் 214,600

செட் போட்டு 43,400 கிலோமீட்டர். நேற்று நான்காம் கியரில் 50இல் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திப் பார்த்தேன். வேகம் ஏறினால்தான் சத்தமும் ஏறியது, வழுக்கல் இல்லை. பெடலை மிதிக்கும்போது பேரிங் இரைச்சலும் இல்லை. கேபிள் முனை நட்டில் இன்னும் பாதிக்கு மேல் மரை மிச்சம் இருக்கிறது. பிளே 18.

அடிமட்டம்தான் தேய்ந்துவிட்டது, முதல் சென்டிமீட்டர் கோடுகள் அழிந்துபோயின. பசார் பக்கம் இரும்பில் ஒன்று 4 வெள்ளிக்குப் பார்த்து வைத்திருக்கிறேன்.