பிடி அரிசி

ஹார்லிக்ஸ் டப்பாவைச் சாக்கில் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டு தட்டினார் பாட்டி. ஒட்டியிருந்த நாலு அரிசி மணியும் விழுந்தன.

இன்று காலை ஏற்காட்டில், தேவாலயத்தில் ஆராதனை முடிந்த பிறகு.

பிடி அரிசி என்றால் தெரியாதவர்களுக்கு: உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திருப்பி எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பார்கள். சேர்ந்ததைச் சபைக்குக் கொண்டுவருவார்கள். மிசோரத்தில் 1910 முதல் இதே போன்ற வழக்கம் உண்டு. எங்கள் வீட்டில் அந்தத் தனிப் பானை போய், கூகுள் பே வந்துவிட்டது.

பாட்டி காப்பித் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். இப்போது தனி ஆள். ரேஷன் அரிசி, வேளைக்கு ஒரு டம்ளர்.

அஞ்சு பேர் வீட்டில் ஒரு பிடி குறைந்தால் தெரியாது. ஒரு டம்ளரில் ஒரு பிடி குறைந்தால்?

கேட்டேவிட்டேன். “மிஞ்சினதைக் குடுக்கலாமே பாட்டி?”

“மிஞ்சினதை நாய்க்கு வெக்கறேன் கண்ணு.”

சரி.

நானும், தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனிலிருந்து காப்பியை விட்டிருக்கிறேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, காப்பி விளையும் ஊருக்கு வந்தும் குடிக்கவில்லை என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு!

அந்தக் காப்பிக் காசு எங்கே போனது?

எங்கேயும் போகவில்லை. என் பையில்தான் இருக்கிறது. வேதாகமத்தில், ஏசாயா 58-இல், கர்த்தருக்குப் பிரியமான உபவாசம் எது என்று சொல்லும் இடத்தில், பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிர்வதும் வருகிறது. நான் விடுவதோடு நிறுத்திக்கொண்டேன். உடம்புக்கு நல்லதுதான், அவ்வளவே.

சாக்கைக் கட்டினார்கள். பாட்டி காலி டப்பாவை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மதியத்துக்கு உலை வைக்க வேண்டுமாம்.