ஆறு கைகள் கொண்ட ஆக்டோபஸ்

1955இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ‘இட் கேம் ஃப்ரம் பினீத் தி சீ’ படத்தில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தைத் தாக்கும் ராட்சத ஆக்டோபஸுக்கு ஆறு கைகள்தான் உண்டு. எட்டு கைகள் செய்யப் பணம் போதவில்லை என்பதே காரணம். படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர் சாம் காட்ஸ்மன் சிக்கனத்துக்குப் பெயர் போனவர். பொம்மையைச் செய்து, அசைத்து, படம்பிடிக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் ரே ஹாரிஹவுசன் என்ற ஒரே கலைஞரின் தலையில் விழுந்தது. ஒரு கை குறைந்தால் அதைச் செய்யும் செலவும் குறையும், அசைக்கும் நேரமும் குறையும் என்று கணக்குப் போட்ட அவர், இரண்டைக் குறைத்துவிட்டு, உடலின் பெரும்பகுதி எப்போதும் நீருக்குள்ளேயே இருக்கும்படி காட்சிகளை அமைத்துக்கொண்டார். விஷயம் தெரிந்த பிறகு எண்ணிப் பார்த்தால் ஒழிய, பார்ப்பவர் யாருக்கும் அந்தக் குறை கண்ணில் படாது.

பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு படமாக எடுத்துச் சேர்க்கும் ஸ்டாப் மோஷன் முறையில், திரையில் ஓடும் ஒவ்வொரு வினாடிக்கும் 24 படங்கள் தேவை. ரப்பர் தோலுக்குள் மூட்டுகள் கொண்ட உலோக எலும்புக்கூட்டை வைத்து, ஒவ்வொரு படத்துக்கும் எல்லாக் கைகளையும் இம்மியளவு நகர்த்த வேண்டும்; எந்தக் கை எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்பதையும் மறக்காமல் தொடர வேண்டும். போதாக்குறைக்கு, தண்ணீரை இப்படிப் படம் படமாக நகர்த்த வழியே இல்லை என்பதால், நுரையையும் தெறிப்பையும் தனியே படம்பிடித்து, பொம்மையின் காட்சியோடு பிறகு சேர்த்தாக வேண்டும். இவ்வளவு தொல்லை இருந்ததாலோ என்னவோ, படத்தின் மிகச் சிறந்த காட்சிகளில் முழு விலங்கே இல்லை. துறைமுகத்தை ஒட்டிய தெருவுக்குள் ஒரே ஒரு கை நுழைகிறது. அதன் நுனி மெல்ல உயர்ந்து, கண் தெரியாதவர் சுவரைத் தடவுவது போலக் கட்டடங்களின் ஓரத்தைத் துழாவி, பிறகு ஓடும் கூட்டத்தின் மேல் சட்டென்று இறங்குகிறது. தீ உமிழும் கருவிகளோடு வீரர்கள் வந்ததும் அது சுருண்டு பின்வாங்குகிறது. அந்தத் தயக்கத்திலும் சுருளலிலும் தெரியும் உயிர், படத்தில் நடித்த மனிதர்கள் பலரிடம் இல்லை என்றே சொல்லுவேன்.

கோல்டன் கேட் பாலத்தை ஆக்டோபஸ் பற்றி இழுக்கும் காட்சிக்கு நகர அதிகாரிகள் அனுமதி தர மறுத்துவிட்டார்கள். பாலம் இடிவதைத் திரையில் பார்த்தால் அதன் உறுதியின் மேல் மக்களுக்கு நம்பிக்கை போய்விடும் என்று பயந்தார்களாம். படக்குழு அசரவில்லை, ஒரு பேக்கரி வண்டிக்குள் கேமராவை ஒளித்து வைத்துக்கொண்டு பாலத்தின் மேல் போய்வந்து, தேவையான பின்னணிக் காட்சிகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டது. கடலோரத்தில் இருக்கும் ஃபெர்ரி கட்டடத்தின் மணிக்கூண்டும் தப்பவில்லை. 1906இல் நகரையே நாசமாக்கிய நிலநடுக்கத்துக்குத் தாக்குப்பிடித்த கட்டடம் அது. ரப்பர் கையிடம் தோற்றுப்போனது.

படத்தின் முற்பாதி இந்த உயரத்தில் இல்லை என்பதை மறைப்பதற்கில்லை. செய்திப்படத் தொனியில் ஒரு குரல் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே போகிறது. நீர்மூழ்கிக் கப்பலிலும் ஆய்வுக்கூடத்திலும் நீண்ட உரையாடல்கள் நடக்கின்றன. கப்பல் தளபதியாக வரும் கென்னத் டோபிக்கும் விஞ்ஞானியாக வரும் டொனால்ட் கர்ட்டிஸுக்கும் நடுவே ஒரு காதல் போட்டி வேறு. இதையெல்லாம் உட்கார்ந்து பார்க்க வைப்பவர், கடல் உயிரியல் பேராசிரியர் லெஸ்லி ஜாய்ஸாக நடித்த ஃபெய்த் டொமெர்க். நீர்மூழ்கியில் சிக்கிய சதைத் துண்டு எந்த விலங்கினுடையது என்று கண்டுபிடிப்பதில் முன்னிற்பவர் அவர்தான். பயத்தில் வாய் திறக்காத மாலுமியைச் சாமர்த்தியமாகப் பேச வைப்பவரும் அவரே. பாதுகாப்பான இடத்துக்குப் போகச் சொல்லும் தளபதியை அவர் மறுக்கும் இடம், அந்தக் கால அமெரிக்கப் படங்களில் அடிக்கடி காணக் கிடைப்பதல்ல.

கதையின் காரணம் ஹைட்ரஜன் குண்டு. சோதனைகளால், பிலிப்பைன்ஸை ஒட்டிய மிண்டானாவோ ஆழ்கடலில் வாழ்ந்த ஆக்டோபஸின் உடலில் கதிரியக்கம் ஏறிவிட, அதை உணர்ந்த மீன்கள் விலகி ஓடுகின்றன. இரை கிடைக்காத விலங்கு பசியோடு மேலே வருகிறது. அமெரிக்கா பிகினி தீவில் நடத்திய குண்டுச் சோதனையின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் படிந்தது 1954 மார்ச்சில். அதே ஆண்டு நவம்பரில் ஜப்பானில் ‘காட்ஸில்லா’ வெளிவந்தது. அந்தப் படத்தில் குண்டைப் பற்றிய துக்கம் கடைசி வரை கனக்கிறது. இங்கே குண்டு கதையைத் தொடங்கி வைப்பதோடு சரி, அப்புறம் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை; நீருக்குள் பாய்ந்து தாக்கும் புதுவகை டார்பிடோ ஒன்றைச் செலுத்திக் கடற்படையே காரியத்தை முடிக்கிறது. பட்டினி கிடந்த ஒரு விலங்கைக் கொல்கிறோம் என்ற உறுத்தல் ஒரு வசனத்திலாவது வந்திருக்கலாம்.

பார்க்க விரும்புவோருக்கு ஒன்று: பின்னாளில் நிறமேற்றிய வடிவமும் வெளிவந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில் பார்ப்பதே மேல். பொம்மைக்குப் பின்னால் சிறு திரையில் ஓடவிட்ட நகரக் காட்சிக்கும் பொம்மைக்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சாம்பல் நிறம் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. நிறம் ஏறியதும் ஒட்டு தெரிந்துவிடுகிறது. படம் 79 நிமிடங்கள்தான். பொறுமை இல்லாதவர்கள் சரக்குக் கப்பல் தாக்குதலைப் பார்த்துவிட்டு, நேராகக் கடைசி இருபது நிமிடங்களுக்குப் போய்விடலாம்.