சேலத்தில் ஓடுகிற கேரம் போர்டு ஏற்காட்டில் ஏன் சண்டித்தனம் பண்ணுகிறது?

மே மாதம் ஏற்காட்டுக்குக் குடும்பமாகக் கிளம்புகிறவர்களில் பலர் வண்டியின் பின்சீட்டில் கேரம் போர்டையும் செருகிக்கொண்டு போவார்கள். கீழே வழுக்கிக்கொண்டு ஓடிய அதே போர்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனதும் ஸ்ட்ரைக்கரைப் பாதி வழியிலேயே பிடித்து நிறுத்திவிடும். உடனே யாராவது பவுடர் டப்பாவைக் கவிழ்ப்பார்கள். அத்தோடு ஆட்டம் இன்னும் கெட்டுப்போகும்.

காரணம் ஈரக்காற்று. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் சாயங்காலம் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டால் பலகையின் பாலிஷ் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும். பவுடர் அந்த ஈரத்தில் திரண்டு பொடிப்பொடி உருண்டைகளாகிவிடும். காய் அதன்மேல் ஏறி இறங்கித்தான் போக வேண்டும், அதனால் நேர்கோடு கோணுகிறது. இந்த நிலையில் பவுடரைக் கூட்டினால் உருண்டைதான் கூடும். முதல் வேலை, இருக்கிற பவுடரை முழுக்க எடுப்பது. நன்றாகக் காய்ந்த பருத்தித் துணியால் நடுவிலிருந்து நான்கு மூலைக்கும் தள்ளித் துடைக்க வேண்டும். உள்ளங்கையால் தேய்க்கவே கூடாது. கையின் வேர்வையும் எண்ணெயும் பாலிஷில் இறங்கினால் அந்த இடத்தில் காய் தினமும் தயங்கும். பலகையும் சட்டமும் சேரும் உள்மூலையில் பவுடர் கெட்டிதட்டிப்போயிருக்கும். பழைய டூத் பிரஷ்ஷால் அதைக் கிளறி எடுத்தாலே ரீபவுண்டில் பாதி பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்து சூடு. அந்தக் காலத்து மன்றங்களில் போர்டுக்கு மேலே தகர மூடி போட்ட குண்டு பல்பு ஒன்று தொங்கும். வெளிச்சத்துக்காக மாட்டியதுதான், ஆனால் அது பலகையைக் காய வைக்கும் வேலையையும் சேர்த்துச் செய்தது. எல்இடி வந்தபிறகு வெளிச்சம் கூடியது, சூடு போய்விட்டது. மலையில் ஆடுவதானால் 60 வாட்ஸ் குண்டு பல்பு ஒன்றைப் பலகைக்கு மேலே இரண்டரை, மூன்று அடி உயரத்தில் தொங்கவிட்டு அரை மணி நேரம் கழித்து ஆரம்பியுங்கள். அவசரத்துக்கு ஹீட்டர் பக்கமோ அடுப்புப் பக்கமோ சாய்த்து வைத்தால் பாலிஷ் வெடிக்கும், பிளைவுட் அடுக்கு பிரியும்.

பவுடர் விஷயத்தில் சேலத்துக்காரர்களுக்கு ஒரு சபலம் உண்டு. ஊரைச் சுற்றி ஜவ்வரிசி ஆலைகள், மரவள்ளி மாவுக்குப் பஞ்சமில்லை. தொட்டால் பட்டுப்போல வழுக்குகிறதே, இதையே போட்டால் என்ன? சித்திரை வெயிலில் உண்மையிலேயே நன்றாக ஓடும். ஆனால் மாவுச்சத்து ஈரத்தைக் குடிக்கும். மழை நாளில் பிசுபிசுக்கும், எறும்பும் கரப்பானும் தேடி வரும். போரிக் பவுடர் அந்த அளவுக்கு ஈரம் இழுக்காது. அதன் படிக அமைப்பே அடுக்கடுக்கான தகடுகள். ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும் என்பதால்தான் காய் இழைகிறது. கரப்பானுக்கு வைக்கிற அதே போரிக்தான் என்பதால் சின்னப் பிள்ளைகள் கையை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் கை கழுவ வேண்டும். முகப்பவுடர் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள வாசனைப் பொருள் பலகையில் பிசுக்காகத் தங்கும்.

அளவு? முழு போர்டுக்கு அரை டீஸ்பூன் போதும். மெல்லிய துணியில் பொட்டலமாகக் கட்டி, நடுவட்டத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் ஒற்றிவிட்டு, காய்ந்த துணியால் பரப்புங்கள். கோடுகள் மங்கலாகத் தெரிந்தால் பவுடர் அதிகம் என்று அர்த்தம்.

போர்டு சரியாக ஓடுகிறதா என்று பார்க்க சர்வதேச விதியிலேயே ஒரு சோதனை இருக்கிறது: 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழு பலத்தோடு அடித்தால் பலகையில் சுமார் மூன்றரை ஓட்டம் (ஒரு சட்டத்திலிருந்து எதிர்ச்சட்டம் வரை ஒரு ஓட்டம்) ஓட வேண்டும். அதற்கு மேலேயே ஓடினால் சேலத்து மத்தியானம், இரண்டிலேயே நின்றால் ஏற்காட்டு மழை.

ஓட்டம் சரி, ஆனாலும் காய் கோணலாகப் போகிறதென்றால் மட்டத்தைப் பாருங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை நடுவட்டத்தில் நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்தால் சாய்வு தெரிந்துவிடும், ஸ்டாண்டின் காலுக்கு அடியில் அட்டை மடித்து வைத்தால் தீர்ந்தது. பலகையே வளைந்திருந்தால் அது வேறு கதை. மெதுவாக விட்ட காய்கள் எல்லாப் பக்கமிருந்தும் நடுவுக்கே வந்தால் பள்ளம், நடுவிலிருந்து விலகி ஓரத்துக்குப் போனால் மேடு. பள்ளம்தான் அதிகம் வரும். மேலே பாலிஷ் இருக்கிறது, அடிப்பக்கம் பாலிஷ் இல்லாத வெறும் மரம்; அடிப்பக்கம் ஈரம் குடித்து விரிகிறது, மேல்பக்கம் குழிகிறது. போர்டைக் கவிழ்த்து நிழலில் காற்றோட்டமாக வைத்து, மேடான நடுப்பகுதியில் துணி விரித்து ஐந்தாறு கிலோ பாரம் ஏற்றி இரண்டு மூன்று நாள் விட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும். பிறகு அடிப்பக்கத்துக்கு ஒரு கோட் வார்னிஷ். சுவரில் சாய்த்து வைக்கும் பழக்கம் இருக்கும்வரை இந்த வைத்தியத்தை வருஷா வருஷம் செய்ய வேண்டியிருக்கும்.

சட்டத்தின் நான்கு பக்கத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். நடுவிலிருந்து ஒரே வேகத்தில் அடித்துப் பாருங்கள். மூன்று பக்கம் 'டிக்' என்று திருப்பி அனுப்பி, ஒரு பக்கம் மட்டும் 'டொப்' என்று விழுங்கினால் அந்தப் பக்கத்து ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. துளை தேய்ந்து ஸ்க்ரூ சும்மா சுற்றினால், பெவிகாலில் தோய்த்த தீக்குச்சி இரண்டை (மருந்து முனையைக் கிள்ளிவிட்டு) துளைக்குள் செருகி, நன்றாகக் காயவிட்டு முடுக்குங்கள்.

மரக்காய்களும் ஈரத்தில் கனக்கும். விதிப்படி ஒரு காய் 5 முதல் 5.5 கிராம், விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறவர்கள் யாராவது தெரிந்தவராக இருந்தால் அவர்கள் தராசில் 19 காயையும் நிறுத்துப் பாருங்கள். ஒரே பெட்டிக் காய்களுக்குள்ளேயே இருக்கும் வித்தியாசம் ஆச்சரியமாக இருக்கும். விட்டம் ஒத்துப்போகாத காய்களை அடுக்கினால் நடுவே இடைவெளி விழும், பிரேக் அடித்தால் காய் சிதறாமல் பொத்தென்று அமுங்கிவிடும். மரக்காயைக் கழுவக் கூடாது, துடைத்தால் போதும்.

இனி ஆட்டம். ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம் என்று வைத்துக்கொண்டால் எடை மூன்று மடங்கு. நேராக மோதும்போது கணக்குப்படி ஸ்ட்ரைக்கரிடம் பாதி வேகம் மிஞ்சும், காய் ஒன்றரை மடங்கு வேகத்தில் கிளம்பும். பில்லியர்ட்ஸில் அடித்த பந்து அப்படியே நின்றுவிடும், ஏனென்றால் அங்கே இரண்டும் ஒரே எடை. கேரமில் அது நடக்காது. ஸ்ட்ரைக்கர் காயின் பின்னாலேயே போகும். சறுக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் காய் ஒன்பது பங்கு போனால் ஸ்ட்ரைக்கர் ஒரு பங்கு போகும். மோதலில் வீணாகும் சக்தியைக் கழித்தால் நிஜத்தில் ஆறேழுக்கு ஒன்று என்று வரும். குழியிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கும் காயை அளவாகத் தட்டினால் ஸ்ட்ரைக்கர் இரண்டு விரற்கடை நகர்ந்து நிற்கும். கீழே, ஓடுகிற போர்டில், வேகத்தைக் கூட்டினால் அது குழிக்குள் போய் ஃபைன் வைக்கும். வேகமாக அடித்தே ஆக வேண்டுமென்றால் நேர்கோட்டிலிருந்து ஒரு இழை விலக்கி அடியுங்கள். காய் குழியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு விழும், ஸ்ட்ரைக்கர் பக்கத்தில் ஒதுங்கும்.

மலையில் இதற்கு நேர்மாறு. சட்டத்தில் மோதித் திரும்ப வேண்டிய டபுளும் பேக் ஷாட்டும் வழியிலேயே செத்துவிடும், காயை ஓரத்தில் தட்டித் திருப்பும் கட் ஷாட்டில் காய்க்குப் போய்ச் சேரும் வேகம் பற்றாது. எதிர்ப்பக்கக் குழிக்கு ஆசைப்படாமல் நேர் ஷாட்டாகவே காய்களைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம். ரெட்டை (சிவப்புக் காயை) தொடுமுன் ஃபாலோ காய், அதாவது ரெட்டுக்கு அடுத்தபடியாகப் போட வேண்டிய நம் காய், எங்கே என்று பாருங்கள். ஓடுகிற போர்டில் நடுவட்டத்தருகே கிடக்கும் காயைக்கூட நம்பி ரெட்டைப் போடலாம். ஈரப் பலகையில் ஃபாலோ காய் குழியிலிருந்து ஒரு சாணுக்குள் இல்லாவிட்டால் ரெட் மறுபடி நடுவட்டத்துக்குத்தான் வரும், அடுத்த கை எதிராளியுடையது.