கெகாபுப் பஞ்சில் நூல் நூற்றுப் பார்த்தது: ஏழு வாரக் குறிப்பு

தனி இலவம் பஞ்சில் (கெகாபு) நூல் வராது. ஒரு பங்கு இலவுக்கு நான்கு பங்கு பருத்தி கலந்தால் வரும். ஏழு வாரம் முயன்றதில் கிடைத்த முடிவு இதுதான். அவசரக்காரர்கள் இதோடு எழுந்து போகலாம். எது ஏன் வரவில்லை என்று அறிய வேண்டியவர்களுக்கு மீதி.

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில், பழைய லயன்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பின்னால் இன்னும் நிற்கிற மரம் இது. ஊர்ப் பேச்சில் கெகாபு. ரப்பர் நுரைத் தலையணை வருமுன் வீட்டுக்கு வீடு இந்தப் பஞ்சுதான். இப்போது காய் வெடித்துச் சாலையோரம் பறக்கிறது, எடுக்க ஆளில்லை. செலவில்லாத பஞ்சு என்பதால்தான் இந்த முயற்சியே.

முதல் வாரம்: பஞ்சு எடுத்தல்

காய் பழுப்பு நிறமாகி, ஓடு லேசாக வாய்விடும் நேரத்தில் எடுக்க வேண்டும். முழுக்க வெடிக்கட்டும் என்று காத்திருந்தால் இலவு காத்த கிளி கதைதான்: ஒரு மாலை மழை போதும், பஞ்சு திட்டுத் திட்டாக ஒட்டிப் பூஞ்சணம் பிடித்துவிடும். அப்படிப்பட்டதைக் காயவைத்தாலும் பயனில்லை. இழை ஒடிந்து தூளாகப் போகும்.

விதை எடுப்பது பருத்தியைவிட எளிது. பருத்தி இழை விதையின் தோலிலிருந்தே முளைக்கிறது, பிய்த்தால்தான் வரும். இலவில் இழை ஓட்டின் உட்சுவரிலிருந்து வளர்கிறது, விதை நடுவில் சும்மா கிடக்கும். தலையணை உறைக்குள் பஞ்சைப் போட்டு, வாயைக் கட்டி, பத்து நிமிடம் குச்சியால் தட்டினால் விதை அடியில் சேர்ந்துவிடும். அடி மூலையில் ஒரு சிறு கிழிசல் விட்டால் அது வழியே கொட்டிவிடலாம்.

காத்தாடியை அணைத்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் இந்த வேலை. கொசுவலைக்குள் உட்கார்ந்து செய்வது இன்னும் நல்லது, இல்லாவிட்டால் வீடு முழுக்கப் பறக்கும். சாமி விளக்கு, கொசுவத்திச் சுருள் எதுவும் அருகில் எரியக்கூடாது. இலவம் பஞ்சு தீயைக் கண்டால் நொடியில் பற்றும்.

இரண்டாம் வாரம்: தக்ளி

மகாத்மா காந்தி கலாசாலை என்று காந்தி பெயரிலேயே தமிழ்ப்பள்ளி இருக்கிற ஊர்தான், ஆனாலும் கடையில் ராட்டை கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். எனவே தக்ளியை, அதாவது கையால் சுண்டிச் சுழற்றி நூற்கும் சிறு கதிரை, நாங்களே செய்தோம். 20 செ.மீ. நீளம், 3 மி.மீ. தடிப்புள்ள சாத்தே குச்சி (இறைச்சி கோத்து வாட்டும் மூங்கில் குச்சி) ஒன்று. பிள்ளைகளின் கைவேலைக்கு விற்கும் காற்றில் காயும் களிமண்ணில் 3 செ.மீ. அகல வட்டு ஒன்று, காய்ந்தபின் 12 கிராம். கீழடியில் தோண்டி எடுத்த சுடுமண் தக்களிகளும் இதே சங்கதிதான்: நடுவில் துளையிட்ட ஒரு மண் வட்டு.

களிமண்ணைக் குச்சியில் பொருத்தியபடியே காயவிடக்கூடாது. காயும்போது அது சுருங்கும், குச்சி சுருங்காது, விரிசல் விழும். இரண்டு வட்டு இப்படி வீணாயிற்று. துளை போட்டதும் குச்சியைத் திருகி உருவிவிட வேண்டும். மழை நாளில் காய நான்கு நாள் பிடிக்கும். பிறகு குச்சியில் இரண்டு சுற்று நூல் சுற்றி, பசை தடவி, கீழ் முனையிலிருந்து 2.5 செ.மீ. மேலே வட்டைச் செருகினால் ஆடாது. மேல் முனையில் சாய்வாக 2 மி.மீ. வெட்டு ஒன்று, இழை அதில்தான் மாட்டி நிற்கும். 240 எண் உப்புத்தாளால் குச்சி முழுவதையும் தேய்க்காமல் விட்டால் மூங்கில் சிலாம்பில் பஞ்சு சிக்கும்.

பழைய சிடி தட்டை வட்டாகப் போட்டும் பார்த்தோம். எடை 15 கிராம், கிட்டத்தட்ட சரிதான். ஆனால் எடை விளிம்பில் பரவியிருப்பதால் மெதுவாக, நெடுநேரம் சுற்றுகிறது. ஆட்டு ரோமம் போன்ற நீள இழைக்கு அது ஒத்துவரும். குட்டை இழைக்கு முறுக்கு விரைந்து ஏற வேண்டும், தாமதித்தால் இழை நழுவிப் பிரிந்துவிடும். சிறிய வட்டுதான் வேகம்.

முனை சுழலக் குழிவான, வழவழப்பான கிண்ணம் வேண்டும். சிரட்டை சொரசொரப்பு. ரப்பர் பால் வடிக்கும் மெருகிட்ட பழைய மங்குக்கு இணை எதுவுமில்லை! கழுவிக் காயவைத்தால் போதும்.

மூன்றாம் வாரம்: தனி இலவு

ஒரு சாண் நூல்கூடத் தேறவில்லை. கைக்கு மெத்தென்றிருக்கும், இழுத்தால் கையோடு வந்துவிடும். இதற்குக் காரணம் மூன்று. இழை குட்டை, ஏறத்தாழ 1 முதல் 3 செ.மீ. வரைதான். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் ஒன்றையொன்று பற்றாது. பருத்தி இழை காயும்போது தட்டையாகி இயல்பாகவே முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்குதான் பிடிப்பு. இலவிழையோ உள்ளே காற்று நிறைந்த வழவழப்பான குழாய். அதே காற்றும் மெழுகும்தான் ஒரு காலத்தில் இதை உயிர்காப்பு மிதவை அங்கிகளுக்கு ஏற்றதாக்கின.

விரலை நனைத்துக்கொண்டு நூற்கலாமே என்று தோன்றும்.  இலவில் தண்ணீர் முத்து முத்தாக மேலே நிற்கிறது, உள்ளே இறங்குவதில்லை.

நான்காம் வாரம்: பருத்தி கலப்பு

மருந்துக்கடைப் பஞ்சு வேண்டாம். சலவை செய்து மெழுகு நீக்கியது அது. இழையும் குட்டை, முடிச்சு முடிச்சாக வரும். விளக்குத் திரிக்கு விற்கும் பஞ்சு சில நேரம் நன்றாக இருக்கும், சில நேரம் ஆலைக் கழிவு. வாங்குமுன் ஒரு துணுக்கைப் பிய்த்து இரு கட்டைவிரல் நகங்களுக்கிடையே மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை 2.5 செ.மீ.க்கு மேல் இருந்தால் எடுக்கலாம். நூற்பதற்கென்றே விற்கும் பஞ்சு வடம் இணையத்தில் கிடைக்கிறது. 100 கிராம் வாங்கினால் பழக நிறையவே உண்டு.

பஞ்சு பன்ன, அதாவது இழைகளைச் சீவிப் பிரித்துக் கலக்க, நாய்க்கு முடி வாரும் கம்பிப் பல் பிரஷ் இரண்டு போதும், செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும். ஒரு பிரஷில் பருத்தி, அதன்மேல் மெல்லிய இலவு, மறுபடி பருத்தி, மொத்தம் 2 கிராமுக்குள். இலவு மேலே தெரிந்தால் முதல் இழுப்பிலேயே பறந்துவிடும். நான்கு இழுப்பில் கலந்துவிடுகிறது. இன்னும் சீராகட்டும் என்று பத்துப் பன்னிரண்டு முறை இழுத்தால் இழை ஒடிந்து மணி மணியாகத் திரளும், அது நூலில் புடைப்பாக நிற்கும். பன்னியதைச் சாத்தே குச்சியில் தளர்வாகச் சுற்றி உருவினால் 10 செ.மீ. திரி. விளக்குத் திரி உருட்டிப் பழகியவர்கள் இதில் இறுக்கிவிடுவார்கள். இறுகிய திரியிலிருந்து இழை வராது.

எடையில் பாதிக்குப் பாதி கலந்தபோது ஒரு முழத்துக்கு ஒருமுறை அறுந்தது. பத்துக்கு மூன்று இலவு: நூல் வருகிறது, மேலெல்லாம் மயிர், மடியெல்லாம் தூசி. பத்துக்கு இரண்டு: அறுவதில்லை, கையில் எடுத்தால் தனிப் பருத்தியைவிட மெத்தென்று இருக்கிறது. அதற்குமேல் இலவைக் குறைத்தால் கலந்ததே தெரியாது.

ஐந்தாம், ஆறாம் வாரம்: நூற்பு, இரட்டை முறுக்கு

வலக்கையால் தக்ளியை வலஞ்சுழியாகச் சுண்டி, இடக்கையால் திரியைப் பின்னோக்கி இழுக்க வேண்டும். திரியை அழுத்திப் பிடித்தால் முறுக்கு உள்ளே ஏறாது, முட்டையைப் பிடிப்பதுபோல் பிடித்தால் போதும். தடித்த இடம் தெரிந்தால் உடனே சுற்றிவிடாமல், இரு பக்கமும் பிடித்து மெல்ல இழுக்கலாம். முறுக்கு மெல்லிய இடத்துக்கே ஓடும், தடித்த இடம் தளர்வாக இருப்பதால் நீண்டு கொடுக்கும்.

செ.மீ.க்கு ஐந்து முறுக்காவது வேண்டும். எண்ணத் தேவையில்லை. ஒரு முழம் நூலைத் தொய்யவிட்டால் தானாக மடிந்து இறுக்கமாகப் பின்னிக்கொள்ள வேண்டும். சோம்பலாக வளைந்து நின்றால் முறுக்குப் போதாது. நூல் அறுவதில் பெரும்பங்கு இந்தக் குறையால்தான்.

ஒற்றை நூல் கிராமுக்கு 5.5 மீட்டர் வந்தது, அளவுகோலில் நெருக்கமாகச் சுற்றினால் அங்குலத்துக்கு 25 சுற்று. கை பழகியபின் மணிக்கு 15 முதல் 20 மீட்டர். ஈரக்காற்று பருத்திக்கு நல்லது, மழை பெய்து ஓய்ந்த மாலையில் அறுப்பு குறைகிறது. ஆனால் நூற்றதை நெகிழிப் பையில் கட்டிவைத்தால் ஒரே வாரத்தில் கரும்புள்ளி விழும். துணிப்பைதான் சரி.

இரண்டு நூலைச் சேர்த்து இடஞ்சுழியாக முறுக்கினால் இரட்டை நூல். கொக்கிப் பின்னலுக்கென்றால் (குரோஷே) வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே முறுக்குங்கள், வலக்கைக்காரர் பின்னும்போது கொக்கி அதை அவிழ்த்துக்கொண்டே போகும். கடைசியில் நூலைக் குழாயில் சுற்றி, இட்லிச் சட்டியில் பத்து நிமிடம் ஆவி காட்டினால் முறுக்கு நிலைக்கும். தனிப் பருத்தி நூலைச் சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் வேகவைப்பார்கள். இந்தக் கலப்புக்கு அது கூடாது. இலவின் மெழுகு போனால் கலந்ததற்கே அர்த்தமில்லை.

ஏழாம் வாரம்: என்ன செய்வது?

முதலில் தோன்றியது பாத்திரத் துணி. பின்னிய சதுரத்தை நீரில் போட்டால் மிதந்தது! கிளாஸ் வைக்கும் விரிப்பும் சரிவரவில்லை. சட்டகத் தறியில், கஞ்சி போட்ட கடைப் பருத்தி நூலைப் பாவாகக் கட்டி, இதை ஊடையாகக் கோத்து நெய்தோம். நெசவு அழகுதான், ஆனால் ஐஸ் தண்ணீர்க் கிளாஸிலிருந்து வழிந்த நீர் விரிப்பில் ஊறாமல் மேசைக்கு ஓடிற்று. சூடான சட்டி பிடிக்கும் துணியாக்கலாம் என்பவர்கள் முதல் வாரத்துத் தீ எச்சரிக்கையை மறுபடி படிக்கவும். அடுப்பங்கரைக்கு இது ஆகவே ஆகாது.

பொருந்தியது சுடச்சுட தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) ஊற்றிய கிளாஸுக்கு உறை. இழைக்குள் அடைபட்ட காற்று சூட்டைக் கைக்கு விடுவதில்லை. 2.5 மி.மீ. கொக்கி ஊசி, சுற்றளவு 24 செ.மீ. கிளாஸ். உறை இறுக்கமாக நிற்க 22 செ.மீ. போதும், அதற்கு 48 சங்கிலி. முதல் சங்கிலியோடு இணைக்குமுன் வரிசை திருகியிருக்கிறதா என்று பாருங்கள், திருகியபடி இணைத்தால் அவிழ்ப்பதைத் தவிர வழியில்லை. பிறகு சிங்கிள் குரோஷே, 19 சுற்று, உயரம் 8 செ.மீ. நூல் 22 மீட்டர், எடை 8 கிராம். பன்னும்போதும் நூற்கும்போதும் போகிற சேதத்தையும் சேர்த்து 10 கிராம் கலப்புப் பஞ்சு எடுத்துவைத்தால் ஒரு உறைக்குச் சரியாக இருக்கும்.

பின்னி முடித்ததும் மேலே நிற்கும் மயிரைத் தீயில் காட்டிப் பொசுக்கும் பழக்கம் பருத்தி நூலுக்கு உண்டு. இதில் வேண்டாம். கத்தரிக்கோல்தான்.