கால் ஏக்கர் கரி

நம் கெமிஸ்ட்ரி சார் போன மாசி மாதம் காலமானார். அவரைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று பழைய மாணவர் சங்க மலர்க்குழுவில் கேட்டதும், புறப்பரப்பு வேதியியல் பாடத்தைத்தான் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. 1994 செட்டில் இருந்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். அந்தப் பாடத்துக்கு மார்க் குறைவு, விட்டுவிடலாம் என்று டியூஷனில் சொல்வார்கள். சார் அதற்கு மட்டும் சனிக்கிழமைகளையும் எடுத்துக்கொண்டார். டவுன் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போன சனிக்கிழமைகள் உண்டு.

முதல் வகுப்புக்கு அவர் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே கரித்தூள். காங்கேயம் பக்கம் தேங்காய்த் தொட்டிக்கரி சுடுகிற குழிகளின் புகையில் வளர்ந்தவர்கள் நாம். கரியைப் பார்த்து யாரும் வியக்கவில்லை. அவர் விரல் நுனியால் கொஞ்சம் அள்ளி வெள்ளைத்தாளில் வைத்தார்.

"இது ஒரு கிராம் இருக்கும். இதுக்குள்ளே எவ்வளவு எடம் இருக்குது, சொல்லுங்க பார்க்கலாம்?"

யாரும் வாய் திறக்கவில்லை. "கால் ஏக்கர்" என்றார். வகுப்பே சிரித்தது. அவர் பலகையில் கணக்குப் போட்டார். நல்ல கிளர்வூட்டப்பட்ட கரியில் கிராமுக்குச் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். சிரிப்பு நின்றுவிட்டது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏக்கர் என்றால் என்னவென்று தெரியும்; அதற்காக அண்ணன் தம்பி பேசாமல் இருப்பதையும் பார்த்தவர்கள்.

கிளர்வூட்டப்பட்ட கரி செய்ய, காற்றுப் படாமல் தேங்காய்த் தொட்டியைக் கரியாக்கி, அப்புறம் 900 டிகிரி செல்சியஸ் வாக்கில் நீராவியை உள்ளே விடுகிறார்கள். நீராவி கரியோடு வினைபுரிய, கரியில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாகப் பறந்துபோகிறது. அது போன இடமெல்லாம் நுண்துளை. அந்தத் துளைகளின் சுவர்கள்தான் அவர் சொன்ன கால் ஏக்கர். பரப்பு கவர்தல், அதாவது வேறு பொருள் வந்து மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது, நடப்பது அந்தச் சுவரில். எவ்வளவு ஒட்டும் என்று கணக்கிடும் பிராய்ன்ட்லிச் சமன்பாட்டையும் லாங்மியூர் வளைகோட்டையும் அவர் அதற்குப் பிறகுதான் எழுதினார். லாங்மியூருக்கு 1932இல் நோபல் பரிசு கிடைத்தது இந்தப் பரப்பு ஆராய்ச்சிக்காகத்தான் என்று அவர் சொன்னது, பரிசு நம் கரிக்கே வந்ததுபோல ஒரு பெருமையைத் தந்தது.

எங்கள் செட்டில் சென்னிமலைப் பக்கத்திலிருந்து வந்த பையன் ஒருவன் உண்டு. பெயர் வேண்டாம், கூடப் படித்தவர்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போவான். திங்கட்கிழமை ப்ரேயரில் அவன் கை நீலமாகவோ செம்மண் நிறமாகவோ இருக்கும். ஒரு திங்களன்று வேறொரு ஆசிரியர் அவனை வரிசையிலிருந்து வெளியே இழுத்து, "கை கழுவிட்டு வரக்கூடத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னாலும் நிறுத்தினார். அவன் தண்ணீர்த் தொட்டிக்குப் போய்ச் செங்கல் பொடி போட்டுத் தேய்த்தான். நிறம் போகவில்லை. விரல் முட்டியில் தோல்தான் உரிந்தது.

அன்றைக்கு மூன்றாவது பீரியட் கெமிஸ்ட்ரி. சாருக்கு யார் சொன்னார்களோ, உள்ளே வந்ததும் நேராக அவன் பெஞ்சுக்குப் போனார். "கையக் குடு கண்ணு" என்று வாங்கி, உள்ளங்கையை விரித்து எங்கள் பக்கம் திருப்பினார். நகக்கண்ணில் அடர்நீலம், ரேகைகளில் வெளிர்நீலம்.

"இது அழுக்கில்லை. அழுக்குன்னா சோப்புக்குப் போயிரும். இந்தச் சாயம் பருத்தி நூலோட வேதிப்பிணைப்புப் போடறதுக்குன்னே செஞ்சது. தோலுக்கும் அதே கதிதான். தோல் உரிஞ்சு புதுத்தோல் வந்தாத்தான் போகும். எத்தனை தேய்ச்சாலும் பிரயோசனமில்லை."

வெறுமனே ஒட்டிக்கொள்ளும் இயற்பு பரப்பு கவர்தல், பிணைப்புப் போட்டு ஒட்டும் வேதிப் பரப்பு கவர்தல் என்கிற இரண்டையும் அவர் நடத்தியது அந்தக் கையை வைத்துத்தான். முதலாவதில் வெளிவரும் வெப்பம் மோலுக்கு 20 முதல் 40 கிலோஜூல், இரண்டாவதில் 80 முதல் 240 வரை. அந்த எண்கள் இன்றும் எனக்கு மறக்கவில்லை. நண்பன் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை. அதற்குப் பிறகு ப்ரேயரில் யாரும் அவன் கையைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

அவனிடமே சார் கேட்டார், "சாயத் தொட்டியிலே உப்பு எதுக்குப் போடறீங்க?"

"உப்பு போட்டாத்தானுங்க சார் சாயம் ஏறும்."

"அது எப்படி?"

அவனுக்குத் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. தண்ணீரில் பருத்திக்கு எதிர்மின் சுமை, சாயத்துக்கும் எதிர்மின் சுமை, ஒன்றையொன்று தள்ளும். உப்பிலுள்ள சோடியம் அயனி குறுக்கே நின்று அந்தத் தள்ளலைக் குறைத்தால்தான் சாயம் நூலை நெருங்க முடியும். அடர்நிறம் என்றால் லிட்டருக்கு 60 முதல் 100 கிராம் வரைகூட உப்பு போகும். கரையாமலும் அடியில் தங்காமலும் மிதக்கும் கூழ்மத் துகள்கள் திரண்டு படிவதும் இதே மின்சுமைக் கதைதான் என்று, எதிர்ச்சுமை கூடக்கூடத் துகள்கள் எளிதாகத் திரளும் என்கிற ஹார்டி-ஷூல்ஸ் விதிக்கு அங்கிருந்தே போனார். கலங்கிய தண்ணீரில் படிகாரம் போட்டால் தெளிவது, அதிலுள்ள அலுமினியத்துக்கு மூன்று நேர்மின் சுமை இருப்பதால். சென்னிமலைத் தெருக்களில் தறிப் பாவுக்குப் போடும் கஞ்சியும் கூழ்மம்தான் என்று, ஓட்டு ஓட்டை வழியாக விழுந்த வெயிலில் கஞ்சித் தண்ணீரைப் பிடித்து துகள்கள் ஒளியைச் சிதறடித்து அதன் பாதை தெரியும் டிண்டால் விளைவைக் காட்டினார். தாமஸ் கிரஹாம் 1861இல் தோல்தாளை வைத்துக் கூழ்மத்தையும் உப்பையும் பிரித்த கதையையும் சொன்னார். உப்பு தோல்தாளின் வழியே போய்விடும், கூழ்மம் தங்கிவிடும்.

அடுத்த சனிக்கிழமை நண்பன் ஒரு பாட்டிலில் சாயக்கழிவு கொண்டு வந்தான். கத்திரிப்பூ நிறம். சார் அதைக் குடுவையில் ஊற்றி, கரித்தூளைப் போட்டு, ஆளுக்குக் கொஞ்சமாகக் குலுக்கச் சொன்னார். அப்புறம் வடிதாளில் வடித்தோம். முதல் சில சொட்டுகள் கறுப்பாக இறங்கின. அவற்றைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தோம். அதற்குப் பிறகு வந்தது பளிங்குத் தண்ணீர். நாங்கள் கைதட்டிவிட்டோம்.

"குடிப்பீங்களா?" என்று கேட்டார்.

சோதனைக்குழாயில் கொஞ்சம் ஊற்றி, நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, சில்வர் நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டார். சால்ட் அனாலிசிஸில் வாரம் தவறாமல் பார்த்த அதே தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு, கட்டி கட்டியாக; குளோரைடு இருப்பதற்கு அடையாளம். மீதியைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிச் சுண்டவைத்தார். அடியில் உப்பு வெள்ளையாகப் பொரிந்து நின்றது. கரி சாயத்தைப் பிடித்துக்கொண்டது. கரைந்த சோடியம் அயனியும் குளோரைடும் அதன் சுவரில் ஒட்டவில்லை. வடிதாளும் அவற்றைத் தடுக்காது.

சார் கிண்ணத்தை ஜன்னலோரம் வைத்துவிட்டுச் சொன்னார்: "நொய்யல் ஆத்துல நிறம் தெரியாம தண்ணி வர்ற நாள் ஒண்ணு வரும். அன்னைக்கும் இந்தக் கிண்ணத்தை நினைச்சுக்கோங்க."

நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992இல்தான் பயன்பாட்டுக்கு வந்திருந்தது. பாசனத்துக்கென்று கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. கிணறுகள் உப்பாயின. நொய்யல் பாசன விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்ற நிலைக்கு வராத சாயப்பட்டறைகளை மூடச்சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது. தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கும் கலன்களும் இல்லாமல் பட்டறை நடத்த முடியாது என்றானது. அன்று பீங்கான் கிண்ணத்தில் சார் செய்தது என்னவோ, அதையே பெரிய கலன்களில் நாள் முழுக்கச் செய்கிறார்கள்.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவில், ஒரு குடிநீர் நிலையத்தின் ஆய்வகத்தில். கோடையில் நீர்த்தேக்கத்தில் பாசி பெருகினால் ஜியோஸ்மின் என்ற பொருள் தண்ணீரில் சேரும். லிட்டருக்குப் பத்து நானோகிராம் அளவிலேயே மனித நாக்குக்கு மண்வாசம் தட்டிவிடும். அதை எடுக்கக் கரித்தூள்தான் போடுகிறோம். வருகிற கரியின் தரத்தை அயோடின் எண் (ஒரு கிராம் கரி எவ்வளவு அயோடினைப் பிடிக்கிறது என்ற அளவு) பார்த்துச் சொல்வது என் வேலை. மூட்டைகளில் சில நேரம் தமிழ்நாட்டு முகவரி இருக்கும். அதைப் பார்த்தால் அன்று முழுக்க மனம் ஊரிலேயே இருக்கும். மண்வாசம் வருகிறது என்று இங்கே ஒருவர் தொலைபேசியில் புகார் சொன்னால், அன்றைக்கே மாதிரி எடுத்துச் சோதிக்கிறோம். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் தென்னையைப் பட்டுப்போக விட்ட என் பெரியப்பாவின் தோட்டத்துக்கு அப்படி யாரும் வரவில்லை. சோதிக்கத் தெரிந்த நானும் அங்கே இல்லை.

நண்பன் ஊரிலேயே இருந்தான். டிப்ளமோ படித்து, ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தவன், இப்போது அங்கே பொறுப்பாளர். சார் இறந்ததை எனக்குப் போன் செய்து சொன்னவனும் அவன்தான். கடைசி வருடங்களில் மாதம் ஒரு தடவையாவது சாரைப் போய்ப் பார்த்திருக்கிறான். ஆவியாக்கியில் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்று இருவரும் பேசுவார்களாம். சார் ஒருமுறை அவனிடம் என்னைப் பற்றிக் கேட்டாராம்: "அவன் எப்போ வர்றானாம்?" நண்பன் அதை என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. இதுவரை வரவில்லை.

சார் பெயரில் நுழைவாயில் வளைவு கட்டலாம் என்று சங்கத்தில் பேச்சு நடக்கிறது. என் கருத்து வேறு. அந்தப் பணத்தை லேபுக்குக் கொடுப்போம். கரைந்த உப்பை அளக்கும் மீட்டர்கள், ஒரு நல்ல தராசு, பீங்கான் கிண்ணங்கள், வடிதாள், சில்வர் நைட்ரேட். கரி நம் ஊரிலேயே கிடைக்கும். பிளஸ் டூ பிள்ளைகள் வருடம் ஒருமுறை தங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரையும் நொய்யல் தண்ணீரையும் கொண்டு வந்து தாங்களே பார்க்கட்டும். எப்படி நடத்துவது என்று சொல்லிக்கொடுக்க நண்பன் சம்மதித்துவிட்டான். முதல் வருடச் செலவை நான் ஏற்கிறேன்; செயலாளர் இதைச் சித்திரைக் கூட்டத்தில் வைக்க வேண்டும்.