ஓரிதழ்த்தாமரைக்கு அதன் மண்ணே பகை: மண் வேகவைத்த அனுபவம்

ஓரிதழ்த்தாமரை என்ற சிறு மூலிகை ஏன் அரிதாகவே தென்படுகிறது, வெட்டுக்காயப் பூண்டு என்ற களைச்செடி ஏன் எங்கும் படர்கிறது என்ற கேள்விக்கு இந்த முறை விடை கிடைத்துவிட்டது. ஓரிதழ்த்தாமரை வளர்ந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் புதுத் தொட்டியில் கலந்து, அதிலேயே ஓரிதழ்த்தாமரையை நட்டால் செடி சவலையாக நிற்கிறது. வெட்டுக்காயப் பூண்டு வளர்ந்த மண் கலந்த தொட்டியில் நட்டால் மளமளவென்று எழுகிறது. வெட்டுக்காயப் பூண்டுக்கோ எந்தத் தொட்டியும் ஒன்றுதான். எங்கள் ஊர்ப் புறம்போக்கில் பூண்டு பாய் விரித்ததுபோல் படர்ந்திருக்க, ஓரிதழ்த்தாமரையைக் குனிந்து தேட வேண்டியிருப்பதற்கு இது ஒரு காரணமாவது இருக்க வேண்டும்.

சோதனை முறை என் கண்டுபிடிப்பு அல்ல. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளிரோனோமோஸ் 2002இல் வெளியிட்ட ஆய்வின் எலும்புக்கூடுதான். செடியை முதலில் வளர்த்து அதன் மண்ணைப் ‘பழக்கி’, பிறகு சொந்த மண்ணிலும் அயல் மண்ணிலும் அதே இனத்தை நட்டுப் பார்ப்பது. அரிதான செடிகள் சொந்த மண்ணில் தேய்ந்தன. ஆக்கிரமிப்புச் செடிகள் சொந்த மண்ணில் தேயவில்லை, சில கொழுத்தே வளர்ந்தன. பனாமாவின் பாரோ கொலராடோ தீவு மரக்கன்றுகளிலும் 2010இல் இதே போக்கு தெரிந்தது: தன் மண்ணின் உயிர்களால் அதிகம் அடிபடும் மரம் எதுவோ, அதுதான் காட்டில் அரிது.

படிக்க எளிது. செய்யப் போனால் உயிரை வாங்குவது, தொட்டிகளை நிரப்பும் பொது மண்ணில் ஏற்கெனவே இருக்கும் உயிர்களைக் கொல்ல அதைக் கிருமிநீக்கம் செய்யும் வேலை. வெயிலில் பாலித்தீன் போர்த்திச் சூடேற்றுவது காய்கறிப் பாத்திக்குப் போதும், இதற்குப் போதாது. பிரஷர் குக்கர்தான் வழி. வெயிட் போட்டபின் உள்ளே 15 பி.எஸ்.ஐ. அழுத்தம், ஏறக்குறைய 121 டிகிரி வெப்பம். ஆய்வகத்துக் கிருமிநீக்கக் கலனான ஆட்டோகிளேவுக்கும் அதே கணக்கு. ஆனால் மண்ணை அப்படியே பாத்திரத்தில் அமுக்கி வைத்தால் ஓரம் வெந்து நடு பச்சையாகவே கிடக்கும். நீராவி உள்ளே நுழைய வழி வேண்டும். புட்டுக்கு மாவு பிசிறுவதைப் போன்ற ஈரத்தில், மல் துணியில் மெல்லிய பொட்டலங்களாகக் கட்டி, இடைவெளி விட்டு அடுக்குகிறேன். விசில் எண்ணுவதில் பயனில்லை. அழுத்தம் ஏறியதும் தீயைக் குறைத்து ஒரு மணி நேரம் விட வேண்டும். மறுநாள் மீண்டும் ஒருமுறை: முதல் சூட்டுக்குத் தப்பிய நுண்ணுயிர் வித்துகள் (ஸ்போர்) ஈரத்தில் விழித்துக்கொள்ளும், இரண்டாவது சூட்டில் மாட்டும். வீடு முழுக்க வெந்த மண் வாடை. “இனி இந்தக் குக்கரில் சோறு பொங்க மாட்டேன்” என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டதால் பழைய பாத்திரக் கடையில் ஒன்று வாங்கினேன். கேஸ்கட் மட்டும் புதிது.

அடுத்த சிக்கல் இன்னும் மோசம். வெந்த மண்ணில் தழைச்சத்து திடீரென்று கூடிவிடும். எங்கள் செம்மண்ணில் மாங்கனீசும் அளவுக்கு மீறிக் கரையும். ஆகவே உயிர்மண் ஒரு தொட்டி, வெந்த மண் ஒரு தொட்டி என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் நாம் பார்ப்பது உர வேறுபாட்டையே தவிர உயிர்களின் வேலையை அல்ல. இணையக் காணொளிகளில் பாதிப்பேர் இதைத்தான் செய்துகாட்டிக் கைதட்டல் வாங்குகிறார்கள். எல்லாத் தொட்டியிலும் ஒன்பது பங்கு வெந்த மண், ஒரு பங்கு மட்டும் உயிர்மண் என்று வைத்தால் சத்து வேறுபாடு பெரும்பாலும் அடங்கிவிடும். பத்தில் ஒரு பங்கு சத்தால் பெரிதாக எதுவும் மாறாது. ஆனால் பூஞ்சைக்கும் நூற்புழுவுக்கும் அந்த ஒரு பங்கு போதும், அங்கிருந்து பெருகிக்கொள்ளும். போதாக்குறைக்கு, அந்த ஒரு பங்கையும் வேகவைத்துக் கலந்த தொட்டிகள் சில வைத்தேன். அவற்றில் ஓரிதழ்த்தாமரை நன்றாகவே இருந்தது. ஆகப் பகை மண்ணின் சத்தில் இல்லை, அதில் வாழ்பவற்றில் இருக்கிறது.

செடியைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் அலசியபோது சந்தேகம் தீர்ந்தது. அயல் மண்ணில் வளர்ந்தவற்றின் வேர் வெள்ளையாக, சல்லிவேர் அடர்த்தியாக இருந்தது. சொந்த மண்ணில் வளர்ந்தவற்றில் நுனிகள் பழுப்பு. விரலால் மெல்ல இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து, நடுநரம்பு மட்டும் மிஞ்சியது. நாற்றழுகல் நோயில் பித்தியம் என்ற, பூஞ்சை போன்ற கிருமி காட்டும் கைவரிசை இது. அமெரிக்காவின் இந்தியானாவில் காட்டுச் செர்ரி மரத்தடியில் விழும் கன்றுகளைச் சாகடிப்பதும் பித்தியம்தான். தாய்மரத்துக்கு அருகே சாவு அதிகம், தள்ளிப் போனால் பிழைப்பு அதிகம். ஓரிதழ்த்தாமரையின் காய் வெடித்து விதையைத் தள்ளி எறிவது எவ்வளவு விவரமான ஏற்பாடு என்று இப்போதுதான் உறைக்கிறது. (விதை சேகரிப்பவர்களுக்கு: காய் பழுக்கும் முன்பே சிறு துணிப்பை கட்டிவிடுங்கள். வெடித்தபின் தரையில் பொறுக்க முடியாது.) வெட்டுக்காயப் பூண்டு வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி. ஊரில் விட்டுவந்த எதிரிகள் இங்கே இன்னும் வந்துசேரவில்லையோ என்னவோ.

தென்னை நார்க்கழிவு பற்றி ஒரு வார்த்தை. மண் இளகுவதற்காகக் கலக்க வாங்கிய கட்டியில் உப்பு தூக்கல். ‘கழுவியது’ என்று அட்டையில் அச்சடித்திருந்தது. ஊறிய நீரை நாக்கில் வைத்ததுமே கரித்தது. விற்றவரிடம் கேட்டால் “தென்னை கடலோரத்து மரமாச்சே” என்று தத்துவம் பேசுகிறார். இனி ஆற்று மணல்தான் என்றால் அதன் விலை வேறு.

இலை, வேரை உலர்த்தி நகைத் தராசில் எடை போடும் வேலை பாக்கி. அதற்குள் அடுத்ததில் மனம் போய்விட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் குரோமோலீனா என்ற ஆக்கிரமிப்புப் புதர் தன் வேரடியில் ஃபியூசேரியம் என்ற நோய்ப்பூஞ்சையைப் பெருக்கி, முள்ளுக்கீரையையும் மூங்கிலையும் நலியவைக்கிறது என்று 2008இல் ஓர் ஆய்வு வந்தது. தனக்கு நோகாமல் அக்கம்பக்கத்தைக் கெடுக்கும் சாமர்த்தியம். காட்டு மண்ணில் கைவைக்கக் கூடாது. நண்பரின் தோட்ட வேலியோரம் அந்தப் புதர் மண்டிக் கிடக்கிறது, இரண்டு பை தருவதாகச் சொல்லியிருக்கிறார். இம்முறை மண்ணைக் கரைத்து ஸ்கிரீன் பிரிண்டிங் வலைத்துணியில் வடிகட்டப் போகிறேன். செடிக்கு உதவும் வேர் உட்பூசணத்தின் பருமனான வித்துகள் துணியில் தங்கும், நுண்ணிய நோய்ப்பூஞ்சை வித்துகள் கீழே இறங்கும். நல்லதையும் கெட்டதையும் தனித்தனித் தொட்டியில் விட்டுப் பார்க்கலாம். எந்த எண் துணி சரிப்படும் என்று செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். முடிந்தபின் அந்த மண்ணைக் கொட்டுவதற்கு முன்பும் குக்கரில் ஏற்ற வேண்டும், வெளியூர் நூற்புழுவை நம் தோட்டத்தில் குடியேற்றக் கூடாது.